தெலுக் ஆயர் மாடியில் நான்யின் வகுப்பு: பத்து வாரம் போய் வந்த அனுபவம்

நான்யின் என்ற சீன இசைக்கான வகுப்பு எப்படி இருந்தது, சேரலாமா என்று நாலைந்து பேர் கேட்டுவிட்டீர்கள். ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாகப் பதில் போடுவதைவிட இங்கேயே மொத்தமாக எழுதிவிடுகிறேன். பத்து வாரம், சனிக்கிழமை மதியம் இரண்டு மணி நேரம், 320 வெள்ளி. இடம் சிங்கப்பூரில் தெலுக் ஆயர் பக்கம் ஒரு பழைய கடைவீட்டின் மூன்றாம் மாடி. வகுப்பின் பெயரையும் ஆசிரியையின் பெயரையும் போடவில்லை. ஆறு பேருக்கு மேல் அந்த அறையில் வகுப்பு நடத்த முடியாது, தெரிந்தவர் சொல்லி வருகிறவர்களே போதும் என்று அவர் கேட்டுக்கொண்டார். வேண்டியவர்கள் எனக்கு எழுதுங்கள், சொல்கிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சேருங்கள். பாட்டு வருமா வராதா என்பதெல்லாம் அப்புறம். அப்பாவிடமிருந்து வந்ததை ஒரு மகள் எவ்வளவு கவனமாக அடுத்தவர் கையில் கொடுக்கிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதற்கே அந்தப் பணம் தகும்.

நான்யின் கேட்டே இராதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெயருக்குத் தெற்கின் இசை என்று அர்த்தம், ஹொக்கியன் என்கிற சீன வட்டார மொழியில் லாம் இம். சீனாவின் ஃபூஜியான் மாநிலத்தில் சுவான்சோ நகரமும் அதைச் சுற்றியுள்ள ஊர்களும்தான் அதன் வீடு. அங்கிருந்து கப்பலேறியவர்களோடு தைவான், மணிலா, சிங்கப்பூர், மலேசியா என்று போய்ச் சேர்ந்தது. யுனெஸ்கோ 2009ல் தன் அருவக் கலாசார மரபுப் பட்டியலில் சேர்த்தது. பாடுகிறவர் நடுவில், கையில் ஐந்து மரத்துண்டுகளைக் கோத்த ஒரு தாளக்கட்டை. இரண்டு பக்கமும் நாலு தந்திப் பீப்பா, மூன்று தந்திச் சான்சியான், வில் போட்டு வாசிக்கிற அர்சியான், தோங்சியாவ். பீப்பா என்றதும் பலரும் நினைப்பது மடியில் நிமிர்த்தி வைத்து வாசிப்பதை. இதில் அப்படி இல்லை, கிடத்திப் பிடித்து வாசிப்பார்கள், பழைய சீன ஓவியங்களில் இருக்கிற மாதிரி. தோங்சியாவ் என்பது மூங்கிலின் வேர்ப்பக்கத்தில் வெட்டிய நெட்டுக்குழல். பத்துக் கண், ஒன்பது கணு இருந்தால்தான் சரியான குழல் என்று கணக்கு.

நான் எப்படி அங்கே போய் மாட்டினேன் என்றால், என் அலுவலகம் தஞ்சோங் பகார். மதியம் தெலுக் ஆயர் தெருவில் நடப்பேன். நாகூர் தர்கா அங்கேதான் இருக்கிறது, 1828க்கும் 1830க்கும் இடையில் நம்ம கரையிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்கள் கட்டியது. அதே தெருவில் சற்றுத் தள்ளி தியான் ஹொக் கெங், 1839லிருந்து 1842 வரை ஹொக்கியன்காரர்கள் கடல்தாய் மாசூவுக்குக் கட்டிய கோவில். இன்றைக்கு எதிரே உயர உயரமாகக் கட்டடம், அன்றைக்கு அந்தத் தெருவே கடற்கரை. சோழமண்டலக் கரையிலிருந்து வந்தவரும் சுவான்சோவிலிருந்து வந்தவரும் கரை சேர்ந்ததற்கு நன்றி சொன்னது ஒரே மணலில் நின்றுதான். ஒருநாள் அந்தப் பக்கம் ஒரு மாடி ஜன்னலிலிருந்து ஒரு பெண் குரல். ரொம்ப மெதுவாக, ஒரே ஓர் எழுத்தை இழுத்து, அதை எங்கேயோ கொண்டுபோய், திரும்பக் கொண்டுவந்து வைத்தது. சிறுவயதில் எட்டு வருஷம் வீணை கற்றவள் நான், அப்புறம் விட்டுவிட்டேன். அந்தக் குரல் கேட்டபோது கால் நகரவில்லை. கீழே கோப்பிக்கடையில் விசாரித்தேன், மாடியில் வகுப்பு நடக்கிறது என்றார்கள்.

ஆசிரியைக்கு ஐம்பத்தைந்து வயசு இருக்கும். நாங்கள் லாவ்ஷி, அதாவது டீச்சர், என்று கூப்பிடுவோம். வகுப்பு ஆங்கிலமும் மாண்டரினும் கலந்து நடக்கும், பாட்டு மட்டும் சுவான்சோ ஹொக்கியன். அவருடைய அப்பா நானான் வட்டாரத்திலிருந்து சின்னப் பையனாக இங்கே வந்தவர். பகலில் இரும்புச் சாமான் கடை, இரவில் நான்யின் சங்கத்தில் பீப்பா. மகளுக்குச் சின்ன வயதில் அவர் சொல்லிக் கொடுக்கவில்லை. காரணம் பாட்டில் இல்லை, பேச்சில் இருக்கிறது. 1979ல் இங்கே, சீனர்கள் வட்டார மொழிகளை விட்டு மாண்டரின் பேச வேண்டும் என்று, மாண்டரின் பேசுவோம் இயக்கம் வந்தது, அடுத்த சில வருஷங்களில் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் ஹொக்கியன், கண்டனீஸ் நிகழ்ச்சிகள் நின்றுபோயின. பிள்ளை படிப்பில் பின்தங்கிவிடக்கூடாது என்று அப்பா வீட்டில் தட்டுத் தடுமாறி மாண்டரின் பேச ஆரம்பித்தாராம். "மாண்டரினில் பேசிய அப்பா எனக்குக் கொஞ்சம் அந்நியர். பாடும்போதுதான் முழுசாக இருப்பார்" என்று முதல் நாளே சொன்னார். தமிழுக்கு இந்த ஊரில் ஆட்சிமொழி என்று ஒரு நாற்காலி போட்டுவைத்திருக்கிறார்கள், அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்த மாடியில் உட்கார்ந்துதான் எனக்கு உறைத்தது.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை போன பிறகுதான் மகள் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் வாயால் சொல்வார், இவர் தந்தியைத் தட்டுவார். இரண்டு வருஷம். அப்புறம் அவர் இறந்துவிட்டார். மிஞ்சியது ஒரு பிஸ்கட் டின் நிறைய கேசட், கையால் எழுதிய மூன்று நோட்டு, ஒரு பீப்பா.

சரி, வகுப்பு. முதல் மூன்று வாரம் வாத்தியத்தைத் தொடவே விடவில்லை. அவர் ஒரு வரி பாடுவார், நாங்கள் திருப்பிப் பாட வேண்டும். பாட்டு வாத்தியார் முன்னால் உட்கார்ந்து வளர்ந்தவர்களுக்கு இது புதுசு இல்லை, ஆனால் யூடியூப் பார்த்துப் படித்து வந்த இரண்டு இளைஞர்களுக்குப் பொறுமை போய்விட்டது. ஒருவர் இரண்டாம் வாரத்தோடு நின்றுவிட்டார். நான் சொல்வேன், அந்த மூன்று வாரம்தான் இந்த வகுப்பின் உயிர். நான்யினில் ஒரு சொல்லைப் பாடுவது என்றால் அதன் தலை, வயிறு, வால் மூன்றும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். தலையைச் சொல்லிவிட்டு, வயிற்றில் சுரங்களை நடத்தி, கடைசியில் வாலை மூடுவது. முதலிலேயே வாயை மூடிவிட்டால் சொல் செத்துவிடும்.

இங்கே ஒரு சம்பவம் சொல்ல வேண்டும். நாங்கள் கற்ற பாட்டு சான் என்பவனையும் வூ நியாங் என்பவளையும் பற்றியது. பழைய காதல் கதை, கண்ணாடி துலக்குகிறவனாக வேஷம் போட்டு அவள் வீட்டு வேலைக்காரனாகப் போய்ச் சேருகிறவன் கதை, நான்யினில் ஏகப்பட்ட பாட்டுகள் இவர்களைச் சுற்றியே. அதில் 'நீ' என்று ஒரு சொல் வருகிறது. சிங்கப்பூர் ஹொக்கியனில் பலரும் 'லீ' என்பார்கள். சுவான்சோ உச்சரிப்பில் அது லீயும் இல்லை, உதட்டைக் குவித்துச் சொல்கிற லூவும் இல்லை. எல்லாரும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தார்கள், லாவ்ஷி தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். கேசட்டைப் போட்டார். அப்பாவின் குரல், பின்னால் மின்விசிறிச் சத்தம். அந்த ஒரு சொல்லை மூன்று தடவை ஓட்டினார். மூன்றாம் தடவை எனக்குப் பிடிபட்டது. நம்ம குற்றியலுகரம்! 'காது' என்று சொல்லும்போது கடைசி உகரத்தில் உதடு குவியாதே, அதே ஒலி. 'காது', 'பாட்டு' என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு அந்த வாலை மட்டும் எடுத்து 'ல்'லோடு சேர்த்தேன். லாவ்ஷி பாடுவதை நிறுத்திவிட்டு என் உதட்டையே பார்த்தார். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். அப்புறம் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். அன்றைக்கு மீதி நேரம் நான் எல்லாருக்கும் 'காது' சொல்லிக் கொடுத்தேன், சீனப் பிள்ளைகள் எல்லாரும் வரிசையாகக் காது காது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

சுவான்சோவில் 1281ஆம் வருஷத்துத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது, அந்த ஊர்த் துறைமுகத்தில் நம்ம ஆட்கள் சிவன் கோவில் கட்டியிருக்கிறார்கள் என்று அன்றைக்கு அவரிடம் சொன்னேன். அவருக்கு அது தெரியாது. கைப்பேசியில் படத்தைக் காட்டியதும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தாளம் பற்றி. கர்நாடக சங்கீதம் தெரிந்தவர்களுக்கு இது சுலபமாகவும் இருக்கும், கஷ்டமாகவும் இருக்கும். ஏழு லியாவ், ஒரு பாய் என்று ஒரு தாளம். மொத்தம் எட்டு எண்ணிக்கை, ஆதி தாளம் மாதிரிதானே என்று நினைத்தேன். ஆனால் கட்டை தட்டுவது அந்த ஒரு பாயில் மட்டும். மீதி ஏழும் சத்தமில்லாமல் போக வேண்டும். நமக்குக் கை போய்க்கொண்டே இருக்கும், விரல் எண்ணும், வீச்சு இருக்கும். இங்கே பாடுகிறவர் இரண்டு கையாலும் கட்டையைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருப்பார். அந்த ஏழு எண்ணிக்கையும் உள்ளுக்குள் எங்கே ஓடுகிறது என்று வெளியில் தெரியாது. கணக்குத் தப்பினால் ஒரே ஒரு தட்டில் காட்டிக்கொடுத்துவிடும். நாலாம் வாரம் வரைக்கும் எனக்குத் தப்பிக்கொண்டே இருந்தது. மூன்று லியாவ் தாளம் வந்ததும்தான் மூச்சு வந்தது.

பீப்பாவுக்கு வந்தபோது விரலுக்கு வேலை. ஆட்காட்டி விரலால் கீழே, பெருவிரலால் மேலே. அந்த இரண்டையும் மாற்றி மாற்றி, மெதுவாக ஆரம்பித்து வேகத்தைக் கூட்டிக்கொண்டே போவதற்கு நியான்சி என்று பெயர். ஒரு பந்து கையிலிருந்து விழுந்து துள்ளித் துள்ளி அடங்கும்போது சத்தம் எப்படி நெருங்கிக்கொண்டே வரும், அப்படி. வீணைக் கை இருந்தும் எனக்கு ஆறு வாரம் ஆயிற்று, இன்னும் சீராக இல்லை.

எழுத்துமுறையும் அழகு. ஐந்து சுரத்துக்கு ஐந்து எழுத்து, பக்கத்தில் விரலுக்கான குறி, லியாவுக்கு ஒரு சின்னக் கீற்று, பாய்க்கு ஒரு வட்டம். சீனம் படிக்கத் தெரியாத நானே நாலு வாரத்தில் படிக்க ஆரம்பித்துவிட்டேன்.

இனி, எனக்கு இந்த வகுப்பில் எல்லாவற்றையும்விடப் பிடித்தது. அப்பாவின் நோட்டை அவர் பிரதி எடுத்துத் தருகிறார். அதில் அங்கங்கே சிவப்பு மையில் புள்ளி. மூச்சு விட வேண்டிய இடங்கள். ஒரு வரியில், சொல்லின் வயிற்றுக்கு நடுவே, ஒரு சிவப்புப் புள்ளி. எங்களில் ஒருவர் அங்கே மூச்சு விட்டார். லாவ்ஷி நிறுத்தினார். "அங்கே விடாதீர்கள். அது பாட்டில் இல்லை. அப்பா நாற்பது வருஷம் சிகரெட் பிடித்தவர், அவருக்கு அந்த வரி ஒரே மூச்சில் வராது. அது அவருடைய நுரையீரல்."

இன்னோர் இடத்தில் அப்பா பாடியிருப்பது அச்சுப் புத்தகத்தில் இருப்பதிலிருந்து ஒரு சுரம் வேறு. எது சரி என்று கேட்டதற்கு, புத்தகத்தில் இருப்பதும் பாடுகிறார்கள், நான் தருவது அப்பா பாடியது, இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள், யாரோடு உட்கார்ந்து வாசிக்கிறீர்களோ அவர்கள் பாடுகிற மாதிரி பாடுங்கள் என்றார். எனக்குத் தெரிந்த எத்தனையோ வீடுகளில், எத்தனையோ பாணிகளில், அப்பா செய்தது எல்லாமே சாஸ்திரம். தும்மினால் அதுவும் பாணி. இவர் எது எல்லாருக்கும் பொது, எது தன் சங்கத்தின் வழக்கம், எது அப்பாவின் சொந்த உடம்பு என்று மூன்றையும் பிரித்துப் பிரித்துச் சொல்கிறார். அப்பாவின் மேல் பிரியம் குறைந்து இல்லை, இருபது வருஷம் அந்தக் கேசட்டுகளோடு உட்கார்ந்தவருக்குத்தான் இது முடியும்.

இந்த ஊரில் இது ஒரு வீட்டுக் கதை மட்டும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். சியோங் லெங் இசைச் சங்கம் 1941ல் தொடங்கியது. 1977ல் டெங் மா செங் என்ற வணிகர் அதன் தலைமைக்கு வந்தார். பழசையே பாடிக்கொண்டிருந்தால் போதாது என்று புதிதாகப் பாட்டு எழுதினார், இளம் வயதினரைச் சேர்த்தார். அவருக்குப் பிறகு அவர் மகன் பொறுப்பை எடுத்துக்கொண்டார். பெரிய மேடையில் கேட்க வேண்டுமானால் அவர்களுடைய நிகழ்ச்சிகளைத் தேடிப் போங்கள். நான் போனது அங்கே இல்லை, ஆனால் வகுப்பில் சேருவதற்கு முன் ஒரு தடவையாவது முழுக் கச்சேரி கேட்டுவிட்டு வந்தால் லாவ்ஷி சொல்வது சீக்கிரம் காதில் ஏறும்.

குறைகள். இருக்கின்றன. மூன்று மாடி, மின்தூக்கி இல்லை, படி செங்குத்து, கைப்பிடி ஆடுகிறது. முழங்கால் வலி உள்ளவர்களை நான் அனுப்ப மாட்டேன். ஏசி ஒன்றுதான், அது பாடும்போது அணைத்துவிடுவார்கள். சத்தம் ஒத்துக்கொள்ளாது, நியாயம்தான், ஆனால் மார்ச், ஏப்ரலில் வேர்த்துக் கொட்டும். பாட்டின் அர்த்தத்தைக் கொடுத்த தாள் முழுக்கச் சீனத்தில் இருந்தது. கேட்ட பிறகு ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தார், அதையும் அரைகுறையாக. சொல்லுக்குச் சொல் அர்த்தம் தெரியாமல் தலை வயிறு வால் பிரிப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு பூத்தொடுப்பது போல. அடுத்த சுற்றுக்கு முன்னால் இதைச் சரிசெய்யச் சொல்லியிருக்கிறேன். இரண்டு தடவை வகுப்பு இருபது நிமிஷம் தாமதமாகத் தொடங்கியது, ஈடுசெய்யவில்லை. பத்து வாரத்தில் ஒரே ஒரு பாட்டுதான் முடிந்தது, அதுவும் முழுசாக இல்லை. எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. பத்துப் பாட்டு எதிர்பார்க்கிறவர்களுக்குக் குறைதான்.

இன்னொன்று, பணத்தை வீணாக்காதீர்கள். சேர்ந்த உற்சாகத்தில் நான் இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் பீப்பா வாங்கிவிட்டேன், 260 வெள்ளி. வந்தது நிமிர்த்தி வாசிக்கிற வடக்கத்திப் பீப்பா, தந்தியை அழுத்துகிற மெட்டுகள் இருபதுக்கு மேல். நான்யின் பீப்பாவில் அத்தனை இருக்காது, வயிறும் வேறு, சுரமும் வேறு. திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். வகுப்பிலேயே இரவல் தருகிறார்கள், முதல் வருஷம் அதுவே போதும்.

கடைசியாக இலையுதிர் கால வழிபாடு. நான்யின்காரர்கள் மெங் சாங் என்ற பழைய அரசரைத் தங்கள் இசைக்குத் தெய்வமாக வைத்து வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் கும்பிடுவார்கள். அதோடு முன்னால் இருந்துவிட்டுப் போன கலைஞர்களுக்கும் மரியாதை செய்வார்கள். எங்கள் வகுப்பு அந்தச் சமயத்தில் முடிந்ததால் எங்களையும் கூப்பிட்டார். மாடி அறையிலேயே, மேசை மேல் ஆரஞ்சுப் பழம், ஊதுவத்தி, சிவப்புத் தாளில் பெயர்கள். மூலையில் ஒரு மஞ்சள் குடை. அந்தக் காலத்தில் காங்ஷி பேரரசர் ஐந்து நான்யின் கலைஞர்களை அரண்மனைக்கு அழைத்து வாசிக்கக் கேட்டு, குடை கொடுத்து அனுப்பினார் என்று கதை, அதனால் மேடையில் குடை. பெயர்ப் பட்டியலில் கடைசிக்கு முந்திய பெயர் அப்பாவுடையது. எனக்கு எழுத்து தெரியாது, பக்கத்தில் இருந்த பெண் காட்டினாள்.

லாவ்ஷி கட்டையை எடுத்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்தார். சங்கத்துப் பெரியவர்கள் நாலு பேர் வாசித்தார்கள். நாங்கள் பத்து வாரம் மாய்ந்த அதே பாட்டு. நான் நோட்டுப் பிரதியை மடியில் வைத்து விரலால் தொடர்ந்துகொண்டே வந்தேன். அந்த வரி வந்தது. சொல்லின் வயிற்றுக்கு நடுவே, சிவப்புப் புள்ளி இருக்கிற இடத்தில், அவர் மூச்சு விட்டார். பீப்பா வாசித்த பெரியவர் தந்தியைத் தட்டாமல் அவருக்காக ஒரு கணம் காத்திருந்தார், அவருக்கு அது தெரிந்திருந்தது.

அடுத்த சுற்று சீனப் புத்தாண்டுக்குப் பிறகு. இடம் ஆறு, அதில் ஒன்று எனக்கு. இரவல் தர மூன்று பீப்பாதான் இருக்கிறது, அதனால் சீக்கிரம் சொல்லுங்கள். தண்ணீர்ப் போத்தலும் ஒரு சின்னத் துண்டும் கொண்டுவாருங்கள்.